எங்கள் சின்ன ஆய்வுகூடத்தில் பாதரசப் பாவனையை எப்படிக் குறைப்பது?

முதலில் அலுமாரியைத் திறந்து எண்ணுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் உதவியாளராக இருந்தவன் நான். எங்களிடம் பாவனையில் இருந்த இரச வெப்பமானிகள் 4. லாச்சிக்குள் பஞ்சு சுற்றிக் கிடந்தவை 23! அதோடு லேபல் உரிந்த ஒரு சின்னப் போத்தல். தூக்கினால்தான் தெரியும் உள்ளே என்னவென்று, தண்ணீரைவிட 13.6 மடங்கு பாரம்.

வெப்பமானியை மாற்றுவது லேசு. குளிர்சாதனப் பெட்டிக்கு அற்ககோல் வெப்பமானி, சூடாக்கும் அடுப்புக்கு (oven) டிஜிற்றல். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி, மாற்று கிடைக்காத சில தேவைகளைத் தவிர, 2020க்குப் பிறகு இரச வெப்பமானிகளை உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ கூடாது. பலர் மறப்பது கரைசல்களை. அமோனியா பார்க்கிற நெஸ்லர் கரைசலிலும் பாதரசம்தான் இருக்கிறது. பாதரசம் இல்லாத சலிசிலேற் முறைக்கு மாறலாம். தண்ணீரில் உள்ள அழுக்கை ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்று அளக்கும் சி.ஓ.டி. சோதனையில், உப்பில் இருக்கும் குளோரைட்டின் குழப்பத்தை அடக்க மேர்க்கூரிக் சல்பேற் என்ற பாதரசச் சேர்வையைப் போடுகிறோம். எங்கள் கரையோரத் தண்ணீரில் உப்புக்குக் குறைவில்லை, அதனால் அதை அடியோடு விட முடியவில்லை. ஆனால் பெரிய குடுவையை விட்டு மூடிய சிறு குழாய் முறைக்கு வந்ததும் செலவாகும் அளவு நன்றாகக் குறைந்தது. அந்தக் கழிவைக் கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது.

சரி, உடைந்தால்? ஒருமுறை அந்த அடுப்புக்குள் இருந்து எடுக்கும்போது ஒரு வெப்பமானி விழுந்து உடைந்தது. புதிதாக வந்த தம்பி தும்புத்தடியால் கூட்டினான். ஒரு துளி நூறு துளியாகிச் சீமெந்து வெடிப்புக்குள் ஓடியது. நான் அவனைவிட மோசம், கையாலேயே பொறுக்கினேன். பின்னேரம் பார்த்தால் கல்யாண மோதிரம் வெள்ளி போல வெளுத்திருந்தது. கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். "அண்ணை, ரசம் பட்டிட்டுது" என்று சொல்லி அவர் நெருப்பில் காட்டினார், நிறம் திரும்பியது. அந்த ஆவி அவருடைய நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

20 பாகை வெப்பத்திலேயே மூடிய அறைக் காற்று ஒரு கன மீற்றருக்குச் சுமார் 13 மில்லிகிராம் இரச ஆவியைத் தாங்கும். வேலைத்தலத்துக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லையோ 0.025 மில்லிகிராம்தான். எங்கள் சித்திரை வெயிலில் ஆவி இன்னும் கூடும். ஆகவே ஆட்களை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, யன்னலைத் திறந்துவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றிக் கையுறை போடுங்கள். டோர்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மணிகள் மினுங்கும். ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் விடுங்கள். வக்யூம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது ஆவியை அறை முழுக்க ஊதிவிடும்.

எங்களுடைய 23 வெப்பமானிகளும் நான் வேலையை விடும்வரை ஒரு பெயின்ற் வாளிக்குள், மூடியில் திகதி எழுதி, பூட்டிய அறையில்தான் இருந்தன. பொறுப்பெடுக்க ஆள் தேடி மூன்று கடிதம் எழுதியிருந்தோம்.