காரணம் பின்னால் வரும்

அன்புள்ள ஐயா,

என்னோடு பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நன்றாகப் படித்தவர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் வெளியிலிருந்து வந்து குடியேறிய ஓர் இனத்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளே மாறிவிடுகிறார். "அவர்கள் பிறவிச் சோம்பேறிகள்" என்றார் ஒருநாள். அவர்கள் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள் என்ற கணக்கை எடுத்துக் காட்டினேன். "அதைத்தான் நானும் சொல்கிறேன், இருக்கிற வேலையையெல்லாம் அவர்களே பிடுங்கிக்கொள்கிறார்கள்" என்றார். அதற்கும் பதில் சொன்னேன். "என்ன இருந்தாலும் நம்மோடு ஒட்ட மாட்டார்கள்" என்று பேச்சை முடித்துவிட்டார். இது அறியாமையா? மனித இயல்பே இதுதானா? இவ்வளவு நல்ல மனிதர் எப்படி இப்படி இருக்க முடிகிறது? அவரோடு இனிப் பேசிப் பயன் உண்டா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கான விடை பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சோம்பேறி என்றவர் அடுத்த மூச்சில் வேலையைப் பிடுங்குகிறவன் என்கிறார். ஒரே ஆள் இரண்டுமாக இருக்க முடியாது. ஒரு தூணை எடுத்தீர்கள், கூரை விழவில்லை. அடுத்ததையும் எடுத்தீர்கள், அப்போதும் விழவில்லை. அந்தக் கூரை அந்தத் தூண்களின் மேல் நிற்கவே இல்லை. வெறுப்பு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காரணங்கள் பின்னால் வருகின்றன.

அறியாமை என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. பள்ளிக்கூடம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு மருத்துவர், சாமுவேல் கார்ட்ரைட், புது நோய் ஒன்றை அறிவித்தார். டிராபெட்டோமேனியா என்று பெயரும் வைத்தார். அடிமைகளுக்கு மட்டுமே வரும் மனநோயாம் அது. அறிகுறி, எஜமானனிடமிருந்து தப்பி ஓடுவது. அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் மார்ட்டன் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்து, ஈயக் குண்டுகளை நிரப்பி அளந்து, இனங்களை மேலும் கீழுமாக வரிசைப்படுத்தினார். இருவரும் அந்தக் காலத்தின் உச்சபட்சப் படிப்புப் படித்தவர்கள். வெறுப்புக்குக் காரணம் தேடித் தருவதில் படித்தவர்களுக்கு இருக்கும் திறமை மற்றவர்களுக்கு வராது.

எது முன்னால், எது பின்னால் என்பதை, அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஆண்டுவாரியாகவே பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே புகையிலைத் தோட்டங்களில் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏழைகளும் ஆப்பிரிக்கர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உழைத்தார்கள். 1662இல் ஒரு சட்டம்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஆங்கிலேய மரபில் பிள்ளையின் நிலை தந்தை வழி வருவது. அதைத் தலைகீழாக்கியதால் எஜமானன் தனக்குப் பிறந்த பிள்ளையையும் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. 1667இல் அடுத்தது: ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது. 1676இல் பேக்கன் கலகம். பூர்வகுடிகள் மீது போர் கேட்டுக் கிளம்பிய கூட்டம் அது, அதைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில் ஆயுதம் ஏந்தினார்கள், தலைநகரம் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. 1691இல் கலப்பு மணத்துக்குத் தடை வந்தது. 1705இல் எல்லாவற்றையும் தொகுத்து முழு அடிமைச் சட்டம்.

மார்ட்டனின் ஈயக் குண்டுகள் வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. முதலில் புகையிலைக்கு ஆள் தேவைப்பட்டது. பிறகு சட்டம். அதற்கும் பிறகுதான் அவர்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்ற 'அறிவியல்'. இனவெறியிலிருந்து அடிமைமுறை பிறக்கவில்லை, அடிமைமுறையிலிருந்துதான் இனவெறி பிறந்தது என்று 1944இல் எழுதினார் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ். பின்னாளில் டிரினிடாட் டொபாகோவின் பிரதமரானவர். அதற்கு முன்னால் கறுப்பு நிறத்தின் மீது இளப்பமே இருந்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கங்கே சிதறிக் கிடந்ததைத் திரட்டி ஒரு கோட்பாடாக்கியது லாபம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னை உறங்கவிடாத கேள்வி அது. இவ்வளவு நல்லவர் எப்படி?

நல்லவராக இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசாட்சியே இல்லாதவனுக்குக் காரணம் எதற்கு? அடிப்பான், பறிப்பான், போய்விடுவான். தோட்டத்து எஜமானன் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனவன், தன் பிள்ளைகளைக் கொஞ்சியவன். இன்னொருவனின் பிள்ளையைச் சந்தையில் விற்றுவிட்டு வந்த இரவில் அவனுக்குத் தூக்கம் வர வேண்டும். விற்கப்பட்டது தன்னைப் போன்ற ஓர் உயிரல்ல என்று நம்பினால்தான் வரும். உங்கள் நண்பர் யாரையும் விற்கவில்லை. ஆனால் குடியேறி வந்தவர் குறைந்த கூலிக்கு, மோசமான இடத்தில், மரியாதையில்லாமல் வாழ்வதை அவர் தினமும் பார்க்கிறார். இளகிய மனம். அதைக் காரணமில்லாமல் தாங்க முடியாது. 'அவர்கள் அப்படித்தான்' என்ற ஒரு வரி அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறது.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பழைய கதை ஒன்றில் நள்ளிரவில், விளக்கில்லாத வீட்டுக்குள் ஒரு திருடன் நுழைகிறான். 'கன்னங்கரேலென்ற உருவம்' என்று எழுதியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு வாசகி கேட்டார்: "கும்மிருட்டில் அவன் நிறம் யாருக்குத் தெரிந்தது?" உடனே என் மனம் பதில்களை அடுக்கியது. அது நிழல், வெயிலில் அலைகிறவன், வெறும் சொல்வழக்கு. மூன்றையும் அவருக்கு எழுதியும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கறுப்பானவர் எவரும் என்னிடம் எதையும் திருடியதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கேலிகள், பார்த்த வில்லன்கள், அழகு என்றால் சிவப்பு என்று பழகிய நாக்கு, எல்லாம் சேர்ந்து என் கையைப் பிடித்து அந்த வரியை எழுதியிருக்கின்றன.

இயல்பா என்று கேட்டீர்கள். பிறந்த குழந்தை எந்த இன முகத்தையும் விசேஷமாகப் பார்ப்பதில்லை, மூன்று மாதத்தில் தன்னைச் சுற்றியுள்ள முகங்களை ஒத்தவற்றைக் கூடுதலாகப் பார்க்கிறது என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு வந்த இன்னொன்றில், இரண்டு இனத்தவரையும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை. பழகிய முகத்தை நாடுவது இயல்பு. எது பழகிய முகம் என்பதை இயல்பு முடிவு செய்வதில்லை.

கோடு போடும் பழக்கமும் நமக்குள் இருக்கத்தான் செய்கிறது. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். போர்க்கைதியாக இருந்து அவர் உயிரோடு மீண்டபோது குடும்பத்தில் கிட்டத்தட்ட யாருமே மிஞ்சவில்லை. 1970 வாக்கில் அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களிடம் திரையில் புள்ளிகளைக் காட்டி எண்ணிக்கையை ஊகிக்கச் சொன்னார். அதிகமாகச் சொன்னவர்கள், குறைவாகச் சொன்னவர்கள் என்று இரண்டு குழுக்கள். உண்மையில் அவர்களைப் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். பிறகு மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத சிறுவர்கள் தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். அடுத்த சோதனையில் வந்த சிறுவர்களோ, தன் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவுக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்பதுவரை போனார்கள். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. நாமிலிருந்து நாங்களுக்குப் போக அந்தச் சிறுவர்களுக்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன.

ஆனால் புள்ளிகளுக்காக யாரும் யாரையும் கொல்வதில்லை. அதற்கு அரசு வேண்டும், பதிவேடு வேண்டும். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் ஹுட்டு, டுட்சி என்ற இரு இனத்தவரும் பேசியது ஒரே மொழி. 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவருக்கும் இனம் எழுதிய அடையாள அட்டை கொடுத்தது. 1994இல் டுட்சிகளைக் கொன்று குவித்த இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் நின்ற கொலைகாரர்கள் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்து எல்லாரையும் பிரித்தறிந்திருக்க முடியாது.

கடைசிக் கேள்வி, பேசிப் பயன் உண்டா? ஒரு கணக்கு சொல்கிறேன். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1958இல் அமெரிக்கர்களைக் கேட்டபோது 4 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் அந்த மணங்களுக்கு எதிரான சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. மறு ஆண்டும் ஐந்தில் ஒருவர்தான் ஏற்றார். 2021இல் 94 சதவீதம். மக்கள் மனம் மாறட்டும் என்று நீதிமன்றம் காத்திருக்கவில்லை. வாழ்க்கை முன்னால் மாறியது, காரணங்கள் பின்னால் வந்தன. ஆனால் முழுதாக வந்து சேர்ந்துவிட்டன என்றும் நினைக்காதீர்கள். செத்துப்போன அந்தத் தடையை அலபாமா மாநிலம் தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்க 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடத்தியபோதும் பத்தில் நான்கு பேர் நீக்கக் கூடாது என்றார்கள்.

ஆகவே உங்கள் நண்பரோடு புள்ளிவிவரச் சண்டை போடாதீர்கள் என்று சொல்வேன். பக்கத்தில் இளையவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போடுங்கள், அது அவர்களுக்காக. முடிந்தால் அந்த இனத்தவர் ஒருவரோடு சமமாக நின்று செய்யும்படியான வேலை ஒன்று அவருக்கு வாய்க்க வழி செய்யுங்கள். சமமாக என்பது முக்கியம். அருகில் இருந்தால் மட்டும் போதாது, எஜமானர்களின் பிள்ளைகளை வளர்த்ததே அடிமைப் பெண்கள்தான். அவர் நான்காவது காரணத்தோடு வரும்போது அதை மறுக்காமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதை முதன்முதலில் யார் வாயிலிருந்து கேட்டீர்கள்?" அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.