அயர்லாந்து உருளைக்கிழங்குப் பாத்தி: கேட்டவையும் சொன்னவையும்

அயர்லாந்தின் மேயோ கடற்கரைப் பக்கம் பன்னிரண்டு வருடமாகப் பழைய முறையில் உருளை போடுகிறேன். கற்றுக்கொடுத்தவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

‘லேஸி பெட்’ (சோம்பேறிப் பாத்தி) எப்படிப் போடுவது?

உழவே வேண்டாம். புல்தரையில் நாலடி அகலத்துக்குக் கயிறு கட்டி, புல்மேலேயே தொழு உரமோ கடற்பாசியோ பரப்புங்கள். அதன்மேல் விதைக்கிழங்கு. அப்புறம் இரண்டு பக்கமும் புல்லோடு மண்ணை வெட்டி, ஓரம் அறுபடாமல் கிழங்கின்மேல் கவிழ்க்க வேண்டும். புல்லும் புல்லும் ஒட்டிப் படுத்து உள்ளேயே மட்கும். வெட்டிய பள்ளம் வாய்க்காலாகி மழைத்தண்ணீரை வடிக்கும். முளை தலைகாட்டியதும் வாய்க்கால் மண்ணை அள்ளி மேலே அணையுங்கள். இதற்கென்றே ‘லாய்’ என்று ஒரு மண்வெட்டி உண்டு: நீளக் காம்பு, ஒடுங்கிய தகடு, ஒரு பக்கம் மட்டும் கால் வைத்து மிதிக்க இடம்.

எப்போது நடுவது?

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி. மண் ஈரமாகச் சில்லென்று இருந்தால் பொறுங்கள்.

கடையில் வாங்கிய கிழங்கை நடலாமா?

கூடாது. நோய் ஒட்டியிருக்கலாம், முளைக்காமலிருக்க மருந்தும் போட்டிருக்கலாம். சான்று பெற்ற விதைக்கிழங்கு மட்டும்.

பாத்திக்கு அடியில் வரும் புல்தரையைக் கொத்தாமல் விடுவது சோம்பேறித்தனம்தானே? பேரே அப்படி இருக்கிறதே.

அது ஆங்கிலப் பேர். ஐரிஷில் இது ‘இமரெ’, மேட்டு வரி. சோம்பல் அதில் எங்கே இருக்கிறது? குதிரை ஏற முடியாத சரிவிலும் சதுப்பிலும் கையால் போட்ட பாத்தி இது. ஆரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொட்டி மண்ணையே உண்டாக்கினார்கள். ஆக்கில் தீவு மலைச்சரிவில் மாலை வெயில் சாய்வாக விழும்போது பழைய வரிகள் நிழலாக எழும்பித் தெரியும். அதைப் பார்த்தபின் அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை.

உழைப்பு சரி. ஆனால் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்கு இந்த முறைதானே காரணம்?

இல்லவே இல்லை. 1845இல் வந்தது, செடியையும் கிழங்கையும் அழுகவைக்கும் கருகல் நோய். ஏழைகள் பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டியே நடுவதால் செடியெல்லாம் ஒரே வார்ப்பு, அந்த நோய்க்கு எதிர்ப்பு இல்லை. நல்ல நிலத்தின் தானியம் வாடகைக்கும் ஏற்றுமதிக்கும் போனது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். பாத்தியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கருகலுக்கு மருந்து?

முன்பு மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல். பிரான்சில் சுண்ணாம்போடு கலந்தார்கள், இங்கே சலவைச் சோடாவோடும் கலந்தார்கள். இலையில் கரும்புள்ளி வருமுன் அடித்தால்தான் பலன். இங்கே வானிலை நிலையம் கருகல் எச்சரிக்கை தரும், கவனியுங்கள்.

வீட்டுக் கூடையில் முளைத்த கிழங்கு…

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

ஊட்டியில் இதைச் செய்யலாமா?

முத்தொரை உருளை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். நீலகிரி மண்ணில் நூற்புழுத் (வேரைத் தாக்கும் நுண்புழு) தொல்லை உண்டு. அது அவர்களுக்குத்தான் தெரியும்.

சூப்பர்மார்க்கெட் கிழங்கு, ஆனால் ஆர்கானிக்?

ஆர்கானிக் என்றாலும் கூடாது.