தராசின் பேச்சை ஒட்டுக்கேட்ட தம்பி

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது, மன்னியுங்கள். சுன்னாகத்துக் கடையில் மின்தராசு, பில் போடும் கணினிக்கு அனுப்பும் தரவை மகன் இரவிரவாக ஒட்டுக்கேட்கிறான். ஒரு கிலோ சீனியை வைக்கிறான், எடுக்கிறான், எந்த இலக்கம் மாறுகிறது என்று கொப்பியில் குறிக்கிறான். பொலிஸ் வருமோ என்று நீங்கள் நித்திரை கொள்ளவில்லை.

உங்கள் தராசு, உங்கள் கணினி. நம் இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தண்டிப்பது அனுமதியின்றி நுழைவதையும் இடைமறிப்பதையும். தம்பி செய்தது அதுவல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: பில் மென்பொருளை நிறுவும்போது "சம்மதம்" என்று அழுத்தியது யார்? அநேகமாக நீங்கள்தான், வாசிக்காமல். அதில் மீள்பொறியியல், அதாவது மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பின்னோக்கி ஆராய்ந்து கண்டுபிடிப்பது, கூடாதென்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தப் பிரச்சினை. நான் சட்டத்தரணி அல்லன். அந்தப் பக்கத்தை அச்சடித்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

நாட்டுக்கு நாடு இது மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில், உரிமம் பெற்றவர் மென்பொருள் இயங்கும் விதத்தைக் கவனித்து ஆராய்வதை ஒப்பந்தம் தடுக்க முடியாது. 1991 முதல் அதுவே விதி. அமெரிக்காவிலோ சம்மதித்த வாக்கு கழுத்தைப் பிடித்த வழக்குகள் உண்டு.

தம்பிக்கு ஆன்ட்ரூ டிரிட்ஜெல் கதையைச் சொல்லுங்கள். விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் சம்பா என்ற மென்பொருளை 1992 இல் தொடங்கியவர். 2005 இல், நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற மென்பொருளின் சேவையகத்தோடு பேசும் ஒரு நிரலை எழுதினார். பிட்கீப்பரைத் தாம் பயன்படுத்தவும் இல்லை, அதன் உரிமத்துக்குச் சம்மதிக்கவும் இல்லை என்பதே அவர் வாதம். இணைப்பை ஏற்படுத்தி "help" என்று தட்டினாராம், சேவையகமே கட்டளைகளைப் பட்டியலிட்டதாம்! பிட்கீப்பர் நிறுவனம், லினக்ஸ் இயங்குதளத்தை எழுதுவோர் பயன்படுத்திவந்த இலவச உரிமத்தை நிறுத்தியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குப் பதிலாக எழுதிய கிட் என்ற மென்பொருள் அந்தச் சண்டையின் பிள்ளைதான்.

ஆகவே மடிக்கணினியைப் பூட்டி வைக்காதீர்கள். பழைய கருவியைப் புது மென்பொருளோடு இணைப்பதும், எழுத்தில் அனுமதி வாங்கிப் பாதுகாப்பைச் சோதிப்பதும் சம்பளம் தரும் வேலைகள். உயர்தரத்தில் கணிதம் கைகொடுத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம். இப்போதைக்கு ஒன்று: பில் மென்பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், கம்பியில் வருவதை மட்டும் குறிக்கட்டும். திகதியும் போடட்டும்.

அதற்கு முன், தராசோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களை இருவரும் புரட்டிப் பாருங்கள். தரவு வடிவத்தைப் பல நிறுவனங்கள் அங்கேயே அச்சிட்டு வைத்திருக்கும்.