ஸ்கைலர் மீது ஏன் எரிச்சல் வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பிரேக்கிங் பேட்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். வால்டர் வைட் போதைப்பொருள் காய்ச்சுகிறான், கொல்கிறான், வீட்டில் கூசாமல் பொய் சொல்கிறான். ஆனாலும் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. மனைவி ஸ்கைலர் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள், ஆனால் அவள் வந்தாலே எரிச்சல். ‘சோப்ரானோஸ்’ பார்த்தபோதும் இதே கதைதான். மாஃபியா தலைவன் டோனியைப் பிடித்தது, அவனுடைய ஆள் ரால்ஃபை அறவே பிடிக்கவில்லை. இருவருமே கொலைகாரர்கள். இது நடிகர்களின் கவர்ச்சியா, என் நியாய உணர்வில் கோளாறா?

க.

அன்புள்ள க.,

நடிப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ரால்ஃபாக நடித்த ஜோ பான்டோலியானோ அந்தப் பாத்திரத்துக்காகவே 2003இல் எம்மி விருது வாங்கியவர். உங்கள் நியாய உணர்விலும் கோளாறில்லை. பாவக்கணக்கைக் கூட்டிப் பார்த்து யாரும் பக்கம் சேர்வதில்லை. எவருடைய வேலையில் நம்மையும் கூட்டாளியாக்குகிறார்களோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். வேலை என்று நான் சொல்வது சிக்கல், திட்டம், நேர நெருக்கடி, மாட்டிக்கொள்ளும் ஆபத்து எல்லாம் சேர்ந்தது.

முதல் சீசனின் மூன்றாம் எபிசோடை மறுபடி பாருங்கள். போதைப்பொருள் வியாபாரி கிரேஸி எய்ட் நிலவறைத் தூணில், கழுத்தில் சைக்கிள் பூட்டோடு கிடக்கிறான். வால்டர் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறான். கொல்லாமலிருக்கப் பல காரணங்கள். கொல்ல ஒன்றே ஒன்று: விட்டால் குடும்பத்தையே கொன்றுவிடுவான். பிறகு இருவரும் பேசுகிறார்கள், வால்டர் மனம் இளகி சாவி எடுக்க மேலே வருகிறான். அப்போது ஒரு சந்தேகம். முன்பு கீழே மயங்கி விழுந்தபோது உடைந்த தட்டின் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று பொருத்துகிறான். கத்தி போன்ற ஒரு துண்டு இல்லை. வசனமே கிடையாது. அவனுக்குப் புரியும் அதே நொடியில் நமக்கும் புரிகிறது. கொலை நடக்கும்போது அந்த முடிவை ஏற்கெனவே நாமும் எடுத்து முடித்திருக்கிறோம். இதையே முதலில் கொலை, பிறகு தாள், தட்டு என்று மாற்றி அடுக்கினால் வெறும் சாக்குப்போக்காகத் தெரியும்.

ரால்ஃப் 2001இல் வந்த மூன்றாம் சீசனில் கிளப் நடனக்காரி ட்ரேஸியைக் கொல்கிறான். அவனுக்கு ஆபத்து ஏதுமில்லை, திட்டமும் இல்லை. அந்த எபிசோடில் நாம் கூடவே நடந்து வந்தது ட்ரேஸியோடு. டோனிக்காக அவள் தன் கையால் ரொட்டி செய்து கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆகவே அடி நம் மேல் விழுகிறது. டோனியும் 1999இல், முதல் சீசனிலேயே, காட்டிக்கொடுத்த ஒருவனைக் கம்பியால் கழுத்தை நெரித்துக் கொன்றவன்தான். பார்வையாளர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலின் தலைமை பயந்தது, தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அது எடுபட்டதற்குக் காரணம், நாமும் அந்த ஆளைத் தேடி அலைந்ததுதான். போதாததற்கு அந்த ஆளே டோனியைக் கொல்ல ஆள் பிடிப்பதையும் காட்டிவிடுகிறார்கள்.

இப்போது ஸ்கைலர். வால்டரின் ரகசியம் முதல் எபிசோடிலிருந்தே நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நம் கூட்டுத் தொழிலைக் கெடுக்கப் பார்க்கிறது. குறுக்கே நிற்பது மட்டும்தான் காரணம் என்றால், போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான ஸ்கைலரின் தங்கை கணவர் ஹாங்க் மீது இதைவிடக் கோபம் வர வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவருக்கென்று ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது, அதில் நாமும் கூடப் போகிறோம். ஸ்கைலருக்கு நெடுங்காலம் சந்தேகப்படுவதும் அழுவதும் மட்டுமே கொடுக்கப்பட்டன. நான்காம் சீசனில் அவள் வால்டரின் பணத்தை வெள்ளையாக்க ஒரு கார் வாஷை வாங்கத் திட்டமிட்டு, அதன் வாசலில் வண்டிகளை எண்ணி வருமானத்தைக் கணக்கிடுகிறாள். சுற்றுச்சூழல் அதிகாரி வேடத்தில் ஆள் அனுப்பி, போனிலேயே அவனுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசியில் முதலில் சொன்ன விலையையும் குறைத்துவிடுகிறாள். அந்தக் காட்சிகளில் உங்களுக்கு எரிச்சல் வந்ததா? அவள் அங்கே செய்வது குற்றம். அதற்கு முன் அவள் பேசியதெல்லாம் நியாயம். (பெண் என்பதாலேயே வந்த வெறுப்பும் இதில் உண்டு, அது தொடரின் குறையல்ல. அதன் கடுமையைப் பற்றி ஸ்கைலராக நடித்த ஆனா கன்னே 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.)

இந்தக் கூட்டு எளிதில் உடைவது, கதாசிரியர்கள் பாத்திரத்தின் நல்ல பெயரைக் காப்பாற்றக் கிளம்பும்போது. ‘டெக்ஸ்டர்’ இரண்டாம் சீசனில் டோக்ஸ் நேர்மையான போலீஸ்காரர், உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். கொலைகாரர்களை மட்டுமே கொல்வது என்ற விதி வைத்திருக்கும் டெக்ஸ்டர் அவரை ஒரு குடிசையில் கூண்டுக்குள் அடைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறான். தொடரின் உச்சம் அதுதான். அங்கே டெக்ஸ்டரின் முன்னாள் காதலி லைலா வந்து குடிசையை வெடிக்க வைக்கிறாள், டோக்ஸ் சாகிறார், டெக்ஸ்டரின் கை சுத்தம். அத்தனை எபிசோடாக அவனோடு சேர்ந்து நாம் தேடிய முடிவை வேறொருத்தி தலையில் கட்டிவிட்டார்கள். அவனே கொன்றிருந்தால் சிலர் விலகியிருப்பார்கள். மற்றவர்கள் அவனை எப்படி ஏற்பது என்று தெரியாமல் அடுத்த சீசன் முழுக்க அவனோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்.