கடல்மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி எதற்கு?

பெரிய கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் ‘சம்ப்’ என்கிறார்களே, அது என்ன, கட்டாயம் வேண்டுமா என்பது கேள்வி. வீட்டு வாசலில் குடிநீருக்குத் தோண்டுகிற சம்ப் இல்லை இது. மீன் தொட்டியின் தண்ணீர் குழாய் வழியே கீழே ஒரு தனித் தொட்டிக்கு வழிந்து, அங்கே அழுக்கு நீங்கி, மோட்டார் மூலம் மறுபடி மேலே ஏறும். வெளிநாடுகளில் இதற்கென்றே நிலவறையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் நிலவறைக்கு எங்கே போவது? மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் போதும்.

கட்டாயம் இல்லை. ஆனால் பெரிய தொட்டி என்றால் நான் வைக்கத்தான் சொல்வேன். காரணம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 400 லிட்டரில் 14 கிலோ. ஆனி, ஆடிக் காற்றில் 40 லிட்டர் ஆவியானாலும் அந்த 14 கிலோ அப்படியே நிற்கும். லிட்டருக்கு 39 கிராம் ஆகிவிடும். அடுப்பில் மறந்துவிட்ட ரசம் சுண்டிக் கரிப்பது மாதிரிதான். தூத்துக்குடி உப்பளத்துக்கு அது லாபம், மீனுக்கு ஆபத்து. சம்ப் இருந்தால் மேல்தொட்டியின் மட்டம் மாறாது. குறைவது கீழே சம்பில் மோட்டார் இருக்கும் தடுப்பறையில்தான் தெரியும். அங்கே ஒரு கோடு போட்டுவைத்துத் தினமும் நிரப்பலாம்.

அப்புறம், கரண்ட் போனால் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கும். சம்பில் காலி இடம் விடாவிட்டால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

கடல் தொட்டிதானே என்று, குறைந்த தண்ணீருக்கு ஈடாக உவரிக் கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், ஊற்ற வேண்டியதும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான்.