மொழி இல்லாவிட்டால் நமக்கு எது தெரியாமல் போகும்?

'மொழி இல்லாமல் சிந்திக்க முடியுமா? உண்மை என்று நாம் நம்பும் உலகமே மொழி கட்டியதுதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இந்த இடத்தில் தத்துவவாதி விட்கன்ஸ்டைனை அழைத்து வந்து, 'என் மொழியின் எல்லையே என் உலகின் எல்லை' என்று முடித்துவிடுவார்கள். அதைவிட, மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் காது கேளாத பிள்ளைகளிடையே நடந்ததைப் பார்ப்பது நல்லது என்பேன். இந்தக் கேள்விக்கு இவ்வளவு நெருங்கி வந்த சம்பவம் வேறு எனக்குத் தெரியாது.

1970களின் பிற்பாதி வரை அந்த நாட்டில் காது கேளாதவர்களுக்குப் பொதுவான சைகை மொழி கிடையாது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாக வளர்ந்தார்கள். சாப்பாடு, தூக்கம், வா, போ என்று வீட்டாருக்கு மட்டும் புரியும் சில சைகைகள்தான். 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு மாணவர்கள் பெருகினார்கள். உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொள்ளும்படி ஆசிரியர்கள் முயன்றார்கள். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேச ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து வந்த சிறுவர்கள் அதை எடுத்து இலக்கணமுள்ள முழு மொழியாக வளர்த்துவிட்டார்கள். 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்த பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது.

சரி, இதில் அறிவு எங்கே வருகிறது? ஜென்னி பயர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் வருகிறது. ஒருவன் பொம்மையை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் இன்னொருவன் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறான். திரும்பி வந்தவன் முதலில் எங்கே தேடுவான்? தான் வைத்த இடத்தில்தான். பேச்சே தேவையில்லை, படக்கதையின் கடைசிப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நம் வீட்டு ஐந்து வயதுக் குழந்தையே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். அந்தப் பள்ளியின் முதல் தலைமுறையினரோ அப்போது வளர்ந்த பெரியவர்கள். அவர்களில் பலர் தவறான படத்தை எடுத்தார்கள். அவர்களைவிட ஏறத்தாழ பத்து வயது இளைய அடுத்த தலைமுறையினர் சரியாக எடுத்தார்கள். 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' என்று சொல்வதற்கான சைகைகள் மூத்தவர்களிடம் மிகக் குறைவு. இளையவர்களிடம் தாராளமாக இருந்தன. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிக முக்கியம். இரண்டு ஆண்டுகளில், இளையவர்களோடு பழகிப் பழகி மூத்தவர்களும் அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டார்கள். மறுபடி சோதித்தபோது அவர்கள் தேர்வும் வெகுவாக மேம்பட்டிருந்தது.

பங்கேற்றவர்கள் சிலர்தான் என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் நிறுவ முடியாது. எதிர்ப்பக்கத்திலும் வலுவான சான்று இருக்கிறது. மூளைப் பாதிப்பால் வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் திறனை இழந்த மூவரை ரோஸ்மேரி வார்லி குழுவினர் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். யார் யாரைக் கொன்றார் என்பதை வாக்கியத்திலிருந்து பிரித்தறிய முடியாத அவர்களால், எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று பெரும்பாலும் சரியாகக் கணக்குப் போட முடிந்தது. ஆகவே சிந்தனை முழுவதும் மொழிதான் என்பது நிற்காது.

என் எண்ணம் இதுதான்: கல்லும் மழையும் பசியும் மொழிக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்தவர் மனம் அப்படி அல்ல. அதைச் சுட்டிக்காட்ட முடியாது. அதைப் பற்றி நாலு பேர் பேசக் கேட்டுத்தான் நாம் அதை அறியப் பழகுகிறோம். என் உறவில் காது கேளாத பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு யாரும் குறை வைக்கவில்லை. முதல் தட்டுச் சோறு அவனுக்குத்தான். ஆனால் வீட்டில் சாவு விழுந்து எல்லோரும் அழுதபோது, யார் போனது, பாட்டி ஏன் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குச் சொல்ல ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் முன்னால் நடந்தது முழுவதையும் அவன் பார்த்தான். அதன் பாதி அவனுக்கு எட்டவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, உலகத்தை மொழி கட்டவில்லை என்பதே என் பதில். 2010இல் அதே நிகராகுவா மக்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. அறையின் ஒரு மூலையில் பொருளை ஒளித்து, கண்ணைக் கட்டித் திசை தெரியாதபடி ஆளைச் சுற்றிவிட்டு, அதைத் தேடச் சொன்னார்கள். இடது வலதை ஒரே சீராகச் சைகையில் சொல்லத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அறையும் பொருளும் எல்லோருக்கும் ஒன்றேதான். அதைப் பிடித்துக்கொள்ள உதவும் கருவிதான் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாக என்னால் பார்க்க முடியாததற்கும் அதுவே காரணம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று இன்னமும் சிலர் தடுக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இந்திய சைகை மொழிக்காக மத்திய அரசு 2015இல் டெல்லியில் ஒரு மையத்தைத் தொடங்கியது. அதன் அகராதிக் காணொளிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளை மட்டும் கற்றால் போதாது, வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும்.