இடுப்பளவு புல்லுக்குக் கருக்கரிவாள் போதுமா?

வணக்கம் சார். காலி மனையில இடுப்பளவு புல், புதுக் கருக்கரிவாளை (ரம்பம் மாதிரி கருக்கு, அதாவது பல் வச்ச அரிவாள்) ஓங்கி வீசினா புல் சாயுதே தவிர அறுபடலைன்னு கேட்டிருந்தீங்க. அரிவாள் மேல குத்தமில்ல. அது வீசுறதுக்கு இல்ல, இழுத்து அறுக்குறதுக்கு. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இடது கையால ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடிங்க. கைக்கு ஒரு சாண் கீழ அரிவாளைக் கொடுத்து உங்க பக்கமா இழுங்க, கரகரன்னு அறுத்துக்கிட்டு வரும். கால் விரல் பத்திரம்.

மழுங்கினா சாணைக்கல்லுல தேய்க்காதீங்க, பல் போயிடும். கொல்லுப்பட்டறையில புதுசா கருக்கு வெட்டித் தருவாங்க.

விடியக்காலை ஈரத்துல புல் இளக்கமா இருக்கும். ஆனா நீளக் கம்பால நல்லா தட்டிட்டு இறங்குங்க, பாம்பு கிடக்கலாம்.

நீங்க அனுப்பின போட்டோவுல வெள்ளைப் பூவோட நிக்கிறது பார்த்தீனியம்ங்கிற களை. அறுத்தா அடியில இருந்து மறுபடி தழையும். மழை பெஞ்ச மறுநாள் கையுறை போட்டு வேரோட பிடுங்கிடுங்க, வெறுங்கை பட்டா அரிப்பு எடுக்கும். ஓரத்துல இருக்கிற கோரைக்கு அரிவாள் வேலைக்கே ஆகாது. கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு, களைக்கொத்தால தோண்டித்தான் எடுக்கணும்.